பத்மநாபபுரத்தை நடந்து பார்ப்பது: மதுரையிலிருந்து வருபவருக்கு ஒரு பதில்

மதுரையிலிருந்து காரில் வருவதாகவும், எழுபதை நெருங்கும் பெற்றோரும் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளும் உடன் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்து முடித்த பிறகு அந்த ஊரில் நடந்து பார்க்க வேறு ஏதேனும் உண்டா, இல்லையென்றால் நேராகக் கன்னியாகுமரிக்குப் போய்விடலாமா, இதற்கெல்லாம் ஒரு நாள் போதுமா, எந்தக் காலத்தில் வருவது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். பத்மநாபபுரம் ஒரு கட்டடமா அல்லது ஒரு நகரமா என்பதே இதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அது ஒரு நகரம். சுமார் 6.5 ஏக்கரில் நிற்கும் அரண்மனை, 180 ஏக்கருக்கும் அதிகமான பரப்பை வளைத்து நிற்கும் ஒரு கற்கோட்டையின் உள்ளே இருக்கிறது. அந்தக் கோட்டைக்குள் கோயில்களும், குளமும், பழைய தெருக்களும், இன்றும் மக்கள் குடியிருக்கும் வீடுகளும் உள்ளன. வருகிறவர்களில் பெரும்பாலோர் அரண்மனைக்குள் ஒன்றரை மணி நேரம் சுற்றிவிட்டுச் சூரிய அஸ்தமனத்துக்கு முன் கடற்கரைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் கிளம்பிவிடுவதால், தாங்கள் ஒரு தலைநகருக்குள் நின்றிருந்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது. நான் வரலாறு படித்தவன். தக்கலைப் பகுதியில் வாழ்ந்து, மாணவர்களையும் வெளியூர் நண்பர்களையும் இந்தக் கோட்டைக்குள் நடத்திக் காட்டுவதைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஒரு நாள் போதும். ஆனால் அந்த நாள் இங்கேயே விடிய வேண்டும். மதுரையிலிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 240 கி.மீ. திருநெல்வேலி, நாங்குநேரி, வள்ளியூர் வழியாகக் காவல்கிணறு வரை நான்குவழிச் சாலையில் வேகமாக வந்துவிடலாம். அங்கே பிரிந்து ஆரல்வாய்மொழி, தோவாளை வழியாக நாகர்கோவிலுக்குள் நுழைந்த பிறகு வேகம் குறைந்துவிடும். நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கு 15 கி.மீ.தான் என்றாலும், பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, புலியூர்க்குறிச்சி என்று ஊருக்கு ஊர் ஒட்டிக்கிடக்கும் குறுகலான அந்தச் சாலையில் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் பின்னால் ஊர்ந்துதான் வர முடியும். மதுரையில் விடியற்காலையில் கிளம்பினாலும் வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும், பெற்றோர் களைத்திருப்பார்கள், கோயில்களின் காலை நேரமும் முடியும் தறுவாயில் இருக்கும். ஆகவே முந்தைய நாள் பிற்பகலில் கிளம்பி, இரவு நாகர்கோவிலில் தங்கி, மறுநாள் காலை ஆறரை மணிக்குள் பத்மநாபபுரத்துக்கு வந்துவிடுங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வரும் வழியில் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். ஆரல்வாய்மொழியில் இரு பக்கமும் மலை நெருங்கி, காற்றாலைகள் வரிசையாக நிற்கும் இடத்தில் நீங்கள் ஒரு கணவாயைக் கடக்கிறீர்கள். கிழக்கேயிருந்து வேணாட்டுக்குள், அதாவது பின்னாளில் திருவிதாங்கூர் ஆன நாட்டுக்குள், நுழைய விரும்பிய படைகள் பயன்படுத்திய வாசல் அது. பதினேழாம் நூற்றாண்டில் உங்கள் ஊரின் திருமலை நாயக்கருடைய படை வந்தபோது வேணாட்டுப் படையை நடத்திய இரவிக்குட்டிப் பிள்ளை, நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் போரிட்டு இறந்தார். அவருடைய கதை இம்மாவட்டத்தின் கதைப்பாடல் மரபில் நிலைத்து நிற்கிறது. 1809இல் திருவிதாங்கூரின் முதலமைச்சராக இருந்த வேலுத்தம்பி தளவாய் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்தபோது, கம்பெனிப் படையும் ஆரல்வாய்மொழி அரணைக் கடந்து வந்துதான் உதயகிரியையும் பத்மநாபபுரத்தையும் தன் வசமாக்கியது. தலைநகர் ஏன் கடற்கரையில் இல்லாமல் வேளிமலையின் அடிவாரத்தில், நெல் வயல்களுக்கும் மலைக்கும் இடையில் அமைந்தது என்பதைப் புரிந்துகொள்ள இந்தச் சாலையில் பயணம் செய்வதே பாதி உதவி. வடக்கே மலை ஓர் இயற்கை மதில். தெற்கே உணவு தரும் விளைநிலம். கிழக்கேயிருந்து எதிரி வந்தால் கணவாயிலேயே செய்தி கிடைத்துவிடும்.

ஊரின் வரலாற்றில் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். இதன் பழைய பெயர் கல்குளம். வேணாட்டு அரசர்கள் அருகிலுள்ள திருவிதாங்கோட்டிலும் பின்னர் இங்கும் இருந்து ஆண்டனர். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா சிறு நாடுகளை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூரைப் பேரரசாக்கினார். பழைய மண்கோட்டைக்குப் பதிலாகக் கருங்கல் கோட்டை எழுந்ததும், ஊர் பத்மநாபபுரம் ஆனதும் அவர் காலத்தில்தான். 1750இல் அவர் தம் நாட்டைத் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து, இறைவனின் தாசனாக நின்று ஆள்வதாக அறிவித்தார். அவருக்குப் பின் வந்த கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் ஆட்சிக் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனபோது ஊர் நம்முடையதாயிற்று. அரண்மனையை மட்டும் கேரளத் தொல்லியல் துறையே தொடர்ந்து பராமரித்து வருகிறது. அரண்மனை கேரளத்தின் பொறுப்பில், அதைச் சுற்றியுள்ள தெரு தமிழ்நாட்டு நகராட்சியின் பொறுப்பில் என்ற இந்த ஏற்பாடு உங்கள் பயணத்தையும் தொடும். அரண்மனையின் விடுமுறை நாள்கள் கேரள நாட்காட்டியைப் பின்பற்றக்கூடும் என்பதால், பண்டிகைக் காலத்தில் வருவதானால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி நடை. காரை அரண்மனையின் அருகே நிறுத்திவிட்டு, அரண்மனையை விட்டு விலகி நடக்கத் தொடங்குங்கள். இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் கோட்டையின் அளவு காலில் தெரிந்த பிறகுதான் அரண்மனையின் அளவு கண்ணுக்குப் புரியும். மதிலின் மொத்தச் சுற்று ஏறத்தாழ 4 கி.மீ. அதை முழுவதுமாகச் சுற்றிவர முடியாது. பல இடங்களில் வீட்டுத் தோட்டங்களும் புதரும் மதிலை ஒட்டி வந்துவிட்டன, தனியார் மனைகளுக்குள் நுழைவது முறையும் அல்ல. சாலை மதிலை ஊடுருவும் இடங்களில் நின்று பார்த்தாலே போதும். செதுக்கிய கருங்கற்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதையும், மேலே புல்லும் செடியும் முளைத்திருப்பதையும், சில இடங்களில் கல் பெயர்ந்து உள்ளே உள்ள மண் நிரப்பு வெளியே தெரிவதையும் உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். பீரங்கிக் குண்டு தாக்கினால் தனிக் கற்சுவர் சிதறும். கல்லுக்குப் பின்னால் கனத்த மண்மேடு இருந்தால் அது அடியை வாங்கிக்கொள்ளும். இந்தக் கோட்டை வாளுக்கும் வேலுக்கும் எதிராக எழுந்ததன்று, பீரங்கியின் காலத்தில் எழுந்தது என்பதை அந்த மண் சொல்லும்.

மதிலிலிருந்து திரும்பி, கல்குளம் மகாதேவர் கோயிலுக்கு வாருங்கள். நீலகண்டசுவாமி கோயில் என்றும் இதைச் சொல்வார்கள். மகா சிவராத்திரியின்போது முன்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களை ஓடியும் நடந்தும் தரிசிக்கும் சிவாலய ஓட்டம் இம்மாவட்டத்துக்கே உரியது. கையில் பனையோலை விசிறியோடு, 'கோவிந்தா, கோபாலா' என்று முழங்கியபடி, நூறு கி.மீ.க்கும் மேற்பட்ட தூரத்தைப் பக்தர்கள் கடப்பார்கள். அந்த வரிசையில் ஏழாவது கோயில் இது. மற்றச் சிவாலயங்கள் பெரும்பாலும் ஓட்டுக் கூரையும் தாழ்ந்த முகப்பும் கொண்ட மலைநாட்டு அமைப்பில் இருக்க, இங்கே மட்டும் தமிழகத்துப் பாணியில் கோபுரமும் அம்மன் சன்னிதியும் எழுந்திருப்பதைக் கவனியுங்கள். மதுரைக்காரரான உங்களுக்கு இது பழகிய கோயிலாகத் தோன்றும். சற்றுத் தள்ளி நடந்தால் முற்றிலும் வேறொரு கட்டடக்கலைக்குள் இருப்பீர்கள். இரண்டும் ஒரே கோட்டைக்குள், ஒரே அரச மரபின் ஆதரவில் நின்றன என்பதுதான் இந்த ஊரின் இயல்பு. கோட்டைக்குள்ளேயே உள்ள இராமசாமி கோயிலையும் விட்டுவிடாதீர்கள். அங்கே இராமாயணக் காட்சிகள் மரப்பலகைகளில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. அரண்மனையின் மரவேலையைப் புகழ்பவர்களில் பலர் இந்தப் பலகைகளைப் பார்த்ததே இல்லை என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. இம்மாவட்டத்தின் பழைய கோயில்கள் பலவற்றில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். உங்கள் தந்தையிடம் முன்பே சொல்லிவிடுங்கள், ஒரு துண்டும் எடுத்துவரச் சொல்லுங்கள். நண்பகலில் சாத்தப்படும் கோயில்கள் மாலையில்தான் மீண்டும் திறக்கும் என்பதால், இவற்றைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

ஒன்பது மணிக்கு அரண்மனை திறக்கும்போது வாசலில் இருங்கள். விடுமுறை நாள்களில் பத்தரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். குறுகிய படிக்கட்டுகளில் முன்னும் பின்னும் ஆள் நெருக்க நடந்தால் எதையும் நின்று பார்க்க முடியாது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். இரண்டு மணி நேரம் வெறுங்காலோடு நடப்பது இந்த அரண்மனையைப் பொறுத்தவரை ஒரு நன்மையே. தரையை உணர அதைவிட நல்ல வழி இல்லை. முற்றத்தின் வெயிலேறிய கல்லிலிருந்து உள்ளே காலெடுத்து வைத்ததும் கறுத்து மினுங்கும் தரையின் குளிர்ச்சி பாதத்தில் ஏறும். முதியவர்களின் பாதம் உச்சி வெயிலின் சூட்டைத் தாங்காது என்பதும் காலையிலேயே செல்லச் சொல்வதற்கு ஒரு காரணம்.

முதலில் வருவது பூமுகம் என்ற முகப்பு மண்டபம். அங்கே அண்ணாந்து பாருங்கள். மரத்தாலான மேல்தட்டில் வட்ட வட்டமாகப் பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன, ஒன்றைப்போல் ஒன்று இராது. தொண்ணூறு விதம் என்று சொல்வார்கள். மகளை எண்ணச் சொல்லுங்கள். அருகில் தொங்கும் குதிரை விளக்கின் சங்கிலி, விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கேயே நிலைகொள்ளும்படி அமைக்கப்பட்டது. அங்கிருந்து செங்குத்தான மரப்படி ஏறினால் மந்திரசாலை. அரசர் அமைச்சர்களோடு கூடிய அறை அது. அறை பெரிதன்று, ஆனால் இந்த ஊரின் கட்டடக்கலை முழுவதையும் அதிலேயே படித்துவிடலாம். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சாய்ந்த மரச்சட்டங்கள். அவற்றின் இடைவெளியில் காற்று வரும், வெயில் வராது, வெளியே நிற்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரியார். சில சன்னல்களில் வண்ண அபிரகத் (மைக்கா) தகடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொள்ளும் நாடு இது. இங்கே சுவரைக் காட்டிலும் கூரையே முதன்மையானது. ஆகையால் உத்தரம், கழுக்கோல் எனப்படும் சாய்வுச் சட்டம், ஓடு ஆகியவற்றில்தான் ஆசாரிமார் தம் திறமையைக் கொட்டியிருக்கிறார்கள். நான் படித்தது வரலாறு மட்டுமே, தச்சு நுட்பங்களை இங்குள்ள ஆசாரிமாரிடம் கேட்டே அறிந்திருக்கிறேன். கழுக்கோல்கள் கூரை முகட்டில் எப்படி ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள் என்பது அவர்கள் சொல்லித் தந்தது.

அதன்பின் பாதை உங்களை ஊட்டுப்புரைக்கும் தாய்க் கொட்டாரத்துக்கும் (கொட்டாரம் என்றால் அரண்மனை) கொண்டுபோகும். ஊட்டுப்புரை நாள்தோறும் அன்னதானம் நடந்த இரண்டு தளக் கூடம். இரு தளத்திலும் ஆயிரம் ஆயிரம் பேர் அமரலாம் என்பார்கள். அதன் நீளத்தைக் கண்ணால் அளந்தால் அந்தப் பேச்சில் மிகை அதிகமில்லை என்று தோன்றும். தாய்க் கொட்டாரம் அரண்மனையின் மிகப் பழைய பகுதி, நடுமுற்றத்தைச் சுற்றி எழுந்த நாலுகெட்டு. மற்றப் பகுதிகளைவிடத் தாழ்ந்து, இருண்டு, எளிமையாக இருக்கும். இம்மாவட்டத்துப் பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது அரண்மனையாகத் தோன்றாது, தாத்தாவின் வீடாகத் தோன்றும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுவே. அங்குள்ள ஏகாந்த மண்டபத்தில் பலாமரத் தூண் ஒன்று நிற்கிறது. அதன் பூவேலையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், கைபேசியின் விளக்கை அடித்தால் நிழல் மறைந்து வேலைப்பாடு தட்டையாகிவிடும். உப்பரிகை மாளிகை மார்த்தாண்ட வர்மா கட்டியது, நான்கு நிலை கொண்டது. கீழே கருவூலம், அதற்கு மேல் மூலிகை மரங்களால் ஆன கட்டில், உச்சியில் சுவரோவியங்கள் நிறைந்த வழிபாட்டு அறை. ஓவியங்களைப் பாதுகாப்பதற்காக அந்த உச்சி நிலைக்குப் பார்வையாளர்களை விடுவதில்லை, ஏமாற்றம் அடைய வேண்டாம். நவராத்திரி மண்டபத்துக்கு வந்ததும் மரம் விலகிக் கருங்கல் வந்துவிடும். சிற்பத் தூண்களும் பளபளக்கும் தரையும் கொண்ட அந்த மண்டபத்தின் ஓரத்தில், அரசகுலப் பெண்கள் சிறு துளைகள் வழியாக நடனம் பார்ப்பதற்கென்று மர மறைப்பு ஒன்று இருக்கிறது. மகளை அந்தத் துளையின் உயரத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இந்திர விலாசத்தில் அயல்நாட்டு விருந்தினருக்கென உயர்ந்த கதவும் சன்னலுமாகக் கட்டடத்தின் முகமே மாறிவிடும். அங்கே அதிக நேரம் தேவையில்லை.

ஒவ்வொரு பகுதியிலும் நின்று விளக்கம் சொல்லும் பணியாளர்கள் பொறுமையாகப் பேசுவார்கள், கேளுங்கள். ஆனால் அவர்கள் சொல்வதில் உறுதியானதும் வழிவழிச் செய்தியும் கலந்தே வரும். அரண்மனை 1601இல் இரவிவர்ம குலசேகரப் பெருமாளால் தொடங்கப்பட்டது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் இன்று நாம் பார்ப்பது ஒரே காலத்தில் எழுந்ததன்று, தாய்க் கொட்டாரம் அதற்கும் முந்தையது என்று கருதுவோர் உண்டு, மற்றவை இரண்டு நூற்றாண்டுகளில் அடுத்தடுத்துச் சேர்ந்தவை. தரையின் கறுப்பு நிறத்துக்குச் சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, தாவரச் சாறு என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். கரியும் சுண்ணாம்பும் இப்பகுதிப் பழைய வீட்டுத் தரைகளிலும் உண்டு என்பதால் நம்பலாம், மற்றச் சேர்மானங்களை நான் மரபுச் செய்தியாகவே எடுத்துக்கொள்வேன். மூலிகைக் கட்டிலில் 64 வகை மரம் என்றும் 67 என்றும் இரு கணக்கு உலவுகிறது. எந்த எண்ணையும் மகளின் நோட்டுப் புத்தகத்தில் உறுதியாக எழுத வேண்டாம். தாய்க் கொட்டாரத்திலிருந்து சாரோட்டுக் கொட்டாரம் என்ற வேறோர் அரண்மனை வரை சுரங்கப்பாதை போகிறது என்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கதை; அதைக் கதையாகவே சொல்லிக்கொடுங்கள். அரண்மனை 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது என்பது உண்மை. அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டுவிட்டது என்று இணையத்தில் சிலர் எழுதுவது தவறு.

அரண்மனை வளாகத்தில் உள்ள தேவாரக்கட்டு சரஸ்வதி கோயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்குள்ள சரஸ்வதி விக்கிரகம் கம்பர் வழிபட்டது, அவரிடமிருந்து சேர மன்னருக்கு வந்தது என்ற நம்பிக்கை இங்கே ஆழமானது. வரலாற்றாளன் என்ற முறையில் இதற்குச் சான்று கேட்டால் என்னால் காட்ட முடியாது. இந்த ஊரான் என்ற முறையில் அந்த நம்பிக்கையின் ஆழத்தை நான் மதிக்கிறேன். உறுதியாகத் தெரிந்தது இது: நவராத்திரி விழா ஒரு காலத்தில் இங்குள்ள மண்டபத்தில் நடந்தது, தலைநகர் மாறிய பின் விழாவும் திருவனந்தபுரத்துக்குச் சென்றது. அன்று முதல் ஆண்டுதோறும் சரஸ்வதி யானை மீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் இங்கிருந்து புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கித் திருவனந்தபுரம் போய்ச் சேர்கிறார்கள். புறப்படும் நாளில் உப்பரிகை மாளிகையில் வைத்து மன்னரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கும். இரு மாநிலத்துக் காவலர்களும் அதிகாரிகளும் கூடி நிற்பார்கள். புரட்டாசியில் வர முடிந்தால் அந்த நாளை விசாரித்து அதற்கேற்பத் திட்டமிடுங்கள். தலைநகர் என்ற தகுதி போன பின்னும் இந்த ஊர் தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை என்பதை அன்று தெருவில் நின்று பார்க்கலாம்.

உங்கள் பெற்றோரைப் பற்றி. அரண்மனையின் மாடிப்படிகள் குறுகியவை, செங்குத்தானவை. வாசல் நிலைகள் தாழ்ந்தவை, படிகள் உயர்ந்தவை. மூட்டுவலி உள்ளவர்கள் மந்திரசாலைக்கு ஏறுவதைத் தவிர்த்து, பூமுகம், தாய்க் கொட்டாரத்தின் கீழ்த்தளம், நவராத்திரி மண்டபம், வெளியே உள்ள அருங்காட்சியகம் ஆகியவற்றை மட்டும் பார்க்கலாம். பாதை ஒருவழியாக அமைந்திருப்பதால், யார் ஏறுவது யார் கீழே நிற்பது என்பதை வாசலில் உள்ள பணியாளரிடம் சொல்லிவிட்டால் குறுக்கு வழி காட்டுவார்கள். மதிய உணவுக்குத் தக்கலைக்குப் போய்விடுங்கள். இலைச் சாப்பாட்டில் அவியல் இருக்கிறதா என்று பாருங்கள். சாலையோரக் கடையில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள், விரல் நீளமே உள்ள அந்த இனிப்பு வாழைப்பழம் இந்த மாவட்டத்துக்கு உரியது. மாலையில் நாகர்கோவிலுக்குத் திரும்பினால் ரசவடை.

பிற்பகலில் உதயகிரிக் கோட்டை. தக்கலையிலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டியே புலியூர்க்குறிச்சியில் இருப்பதால் தேட வேண்டியதில்லை. ஏறத்தாழ 90 ஏக்கர். உள்ளே ஒரு சிறு குன்றும் மரங்களும் உள்ளன. வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக இப்போது இருப்பதால் குழந்தைகளோடு வருபவர்கள் மான்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அந்த மரநிழலிலேயே நடந்து உள்ளே சென்று டிலனாயின் கல்லறையைப் பாருங்கள். 1741இல் குளச்சல் போரில் டச்சுக் கம்பெனியின் படையைத் திருவிதாங்கூர் தோற்கடித்தபோது சரணடைந்தவர்களில் ஒருவர் யூஸ்தாக்கியுஸ் டிலனாய். மார்த்தாண்ட வர்மா அவரைத் தம் படைக்கே பயிற்சியாளராக்கினார்; உதயகிரியை அவர் புதுப்பித்துக் கட்டினார், இங்கே பீரங்கிகள் வார்க்கப்பட்டன, மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். தோற்ற படையின் அதிகாரி வென்ற நாட்டின் தளபதியாகி, 1777இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். கூரை இழந்த ஒரு சிற்றாலயத்துக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் செதுக்கப்பட்டிருக்கின்றன. குனிந்து, பழைய எழுத்து வடிவத்தில் உள்ள தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க முயலுங்கள். அரண்மனையில் இருக்கும் எந்தப் பொருளைக் காட்டிலும் இந்தக் கல்லைத்தான் நான் என் மாணவர்களுக்கு அதிக நேரம் காட்டுகிறேன். ஐரோப்பிய வணிகக் கம்பெனி ஒன்று இந்திய அரசர் ஒருவரிடம் போரில் தோற்றதன் விளைவு அங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது.

அருகிலேயே முட்டிடிச்சான் பாறை என்ற இடத்தில் ஓர் ஆலயம் உள்ளது. அரண்மனை அலுவலராக இருந்து, கிறிஸ்தவம் தழுவி, 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையோடு தொடர்புடைய இடம் அது. 2022 மே மாதம் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் கொல்லப்பட்டதன் காரணம் குறித்து மதம் என்று ஒரு சாராரும் அரசியல் என்று ஒரு சாராரும் வாதிடுகிறார்கள். அந்த விவாதத்துக்குள் இந்தப் பதிலில் நுழையவில்லை. ஆனால் பத்மநாபபுரம் என்ற அரசின் கதையை அரண்மனைக்குள் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு அது பாதிக் கதைதான்.

வெளிச்சம் மீதியிருந்தால், சில கி.மீ. தள்ளியுள்ள திருவிதாங்கோட்டுக்குக் காரில் போங்கள். பழைய தலைநகர், நாட்டுக்கே பெயர் கொடுத்த ஊர். இன்று அமைதியான சிற்றூராக இருக்கிறது. சிவாலய ஓட்டக் கோயில்களில் ஒன்றான மகாதேவர் கோயிலும், அரப்பள்ளி என்று அழைக்கப்படும் கருங்கல் தேவாலயமும் அங்கே உள்ளன. தோமையார் கி.பி. 63இல் நிறுவியது என்பது தேவாலயத்தாரின் வழிவழி நம்பிக்கை. நிற்கும் கட்டடத்தை முதல் நூற்றாண்டினது என்று கொள்ள முடியாது, ஆனால் இப்பகுதியின் கிறிஸ்தவம் ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்டது என்பதில் ஐயமில்லை. தக்கலைக்குத் திரும்பும்போது பீர் முகம்மது அப்பாவின் தர்காவுக்கும் போய்வாருங்கள். தென்காசியில் பிறந்து இங்கே வந்து நிலைத்த சூஃபி ஞானி அவர். தமிழில் ஞானப்பாடல்கள் எழுதியவர். ரஜப் மாதத்தில் நடக்கும் ஆண்டு விழாவில் அந்தப் பாடல்களை இரவு முழுவதும் பாடுவார்கள். உங்கள் தந்தைக்குத் தமிழ்ப் பாடல்களில் ஈடுபாடு உண்டென்றால் பயணத்தின் நினைவில் நிற்பது அரண்மனையாக இல்லாமல் இந்த இடமாக இருக்கக்கூடும்.

காலம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சனவரி இறுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நடைக்கு ஏற்றது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இந்தச் சாலையை நிறைத்துவிடும், அரண்மனையிலும் வரிசை நீளும். ஓண விடுமுறையும் மே மாதமும் அப்படியே. சூன் முதல் தென்மேற்குப் பருவமழை. குடை பிடித்து நடக்கத் தயங்காதவர்களுக்கு அது அழகான காலம்தான், ஓட்டுக் கூரையில் மழை விழுவதை அரண்மனைக்குள் நின்று கேட்கலாம், ஆனால் ஈரமான கருங்கல் முற்றம் முதியவர்களுக்கு வழுக்கும். நுழைவுக் கட்டணம் அவ்வப்போது மாறுவதால் அதை எழுதவில்லை. மதியம் ஒரு மணி நேரம் மூடிவிட்டு மீண்டும் திறப்பார்கள், நாலரை மணிக்குள் முடிந்துவிடும் என்பதை வைத்துத் திட்டமிட்டால் தவறாது. கன்னியாகுமரியை அன்றே சேர்க்க வேண்டாம். மறுநாள் காலை சுசீந்திரத்தைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போய், அங்கிருந்து நான்குவழிச் சாலையைப் பிடித்தால் இரவு உணவுக்குள் மதுரை சேர்ந்துவிடலாம்.